கடைசி பஸ்ஸில் வீடு திரும்புகிறவள்

சுவரில் படம் கீறி முடித்த ஒன்பதாம் நாள் விடியக்காலையில் போன் வந்தது. நான் சித்திர ஆசிரியை; பாடசாலைக்குப் போகவென்று சேலைக்குப் பின் குத்திக்கொண்டு நின்றேன். மறுபக்கத்தில் பத்தாம் வகுப்புப் பையன். "மிஸ், சுவருக்கு ஓயில் ஊத்திட்டாங்க" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். 2012ஆம் ஆண்டு அது. திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியால் நிலாவெளி தாண்டிப் போகிற வழியில் ஒரு கரையோரக் கிராமம். பெயர் வேண்டாம்; அதே ஆட்கள் அதே வளவுகளில்தான் இன்னும் இருக்கிறார்கள். மீனவர் சங்கக் கட்டடத்தின் பக்கச் சுவர், பதினெட்டடி நீளம், எட்டடி உயரம். பதினொரு பிள்ளைகளும் நானும் ஐந்து சனி ஞாயிறு இருந்து கீறியது. அடியில் முருகைக்கல் என்கிற பவளப்பாறை, அதற்கு மேலே முள்ளு முறிந்து மிதக்கிற மீன்கள், மேற்பரப்பில் ஒரு படகு, படகிலிருந்து நீளும் ஒரு கை, கையில் திரி புகைகிற போத்தல். கீழே கொட்டை எழுத்தில் 'வெடி போடாதே'. இப்போது அந்தப் படகின் மேல் எஞ்சின் கழிவு எண்ணெய் கறுப்பாக வழிந்து, மீன்களுக்கு மேலால் இறங்கி, சுவரடியில் தேங்கி நின்றது. மற்ற இடமெல்லாம் சுத்தம். குறி படகுக்கு மட்டும்தான்.

ஏன் படகுக்கு மட்டும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பையனின் தாய்தான் சொன்னார். "நீலத்துக்கு மஞ்சள் கோடு போட்ட போட் ஆருடையதெண்டு இந்த ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும் மிஸ்." எங்களுக்கோ கடைசி நாளில் டின்னில் மிஞ்சிக் கிடந்தவை நீலமும் மஞ்சளும். வடிவாக இருக்கும் என்று பையன் கேட்டான், அடி என்றேன். அவனுக்கும் அது ஆருடைய நிறம் என்று தெரிந்திருக்கும்தானே என்று பிறகு யோசித்தேன். பதினைந்து வயதில் தெரிந்துகொண்டே செய்கிற துணிச்சல் இருக்கும். அதைத் தடுக்க வேண்டிய ஆள் நான். நானோ பக்கத்தில் நின்று கோடு நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் ஊற்றின அன்றிரவே அந்தப் பையன் வீட்டு வலை ஆறு இடத்தில் வெட்டுப்பட்டது. தகப்பன் ஒரு மாதத்துக்கு மேல் கடலுக்குப் போகவில்லை. தாய் என்னை ஏசவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு சொன்னார்: "நீங்க கடைசி பஸ்ஸில போயிருவீங்க மிஸ். நாங்க இஞ்சதானே கிடக்கிற."

வெடி போட்டு மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டப்படி குற்றம். அந்தக் கரையில் அது தெரியாத ஆள் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் நான் பதினெட்டடி நீளத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன்! எழுதினது நான், வலை போனது அவர்களுக்கு. அதற்குப் பிறகு எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் என்னை நானே கேட்பது ஒன்றுதான்: நான் பஸ் ஏறின பிறகு இதற்கு ஆர் பதில் சொல்லப்போகிறார்கள்?

இந்தப் புத்தி முன்னமே வந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அடுத்த வருடம் முழுக்க நான் முகாம்களில் பிள்ளைகளோடு படம் கீறினவள். அப்போது இளம் ஆசிரியை, ஓடியாடித் திரிகிற வயது. பாடசாலை மண்டபம் ஒன்றில் தங்கியிருந்த சனம். கிழமைக்கு ஒரு வாகனம் வரும், கலர்ப் பெட்டிகளோடு ஆட்கள் இறங்குவார்கள், பிள்ளைகளை வட்டமாக இருத்திக் கடல் வந்த நாளைக் கீறச் சொல்வார்கள். ஒரு நாள் நான் தாள் பகிர்ந்துகொண்டு போகும்போது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று சலிப்போடு கேட்டது: "இன்டைக்கும் கடலா மிஸ்?"

அவளுடைய கடலைப் பார்த்தேன். கீறிக் கீறிக் கை பழகி, அலையின் நுனியெல்லாம் சுருள் சுருளாக, கோயில் தேர்ச்சீலையில் இருக்கிற பூவேலை மாதிரி வந்திருந்தது. அலைக்குள் இரண்டு கை, ஒரு தலை. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே தலை. "கடல் கீறினா பென்சில் பெட்டி தருவாங்க. வீடு கீறினா ஒண்டும் தர மாட்டாங்க" என்றாள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டில் நின்றிருக்கிறாள். அலையை அவள் காணவேயில்லை.

அன்றிலிருந்து நான் எந்தப் பிள்ளையிடமும் காயத்தைக் கேட்டதில்லை. அம்மம்மாவின் அடுப்படியைக் கீறச் சொன்னேன். அவள் கீறின அடுப்படியில் பானை மூடிக்கு மேலே ஒரு கல் இருந்தது. பூனைக்குப் பயந்து வைத்த கல்லாம். அந்தக் கல்லைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தாள். காயம் இருந்தால் அது தானாக வரும், வேறு படத்துக்குள்ளால் வரும். வந்தால் பக்கத்தில் இருங்கள், 'ஏன் கறுப்பு அடிச்சனி' என்று கேளாதீர்கள், சுவரில் மாட்டாதீர்கள், படத்தைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுங்கள். பிள்ளை நித்திரை கொள்ளவில்லை, சாப்பிடவில்லை என்றால் அது சித்திர மிஸ்ஸின் வேலையல்ல. ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குத் தாயோடு கூடப் போங்கள். அந்த முகாமில் சேர்த்தெடுத்த படங்கள் இப்போது எந்த நாட்டில் எந்த அலுமாரிக்குள் இருக்கின்றனவோ.

சுவருக்கு வருகிறேன். எண்ணெயைக் கழுவி மறுபடி கீறுவோம் என்று பிள்ளைகள் துள்ளினார்கள். நான் மாட்டேன் என்றேன். சங்கத்தாரோடு கதைத்துச் சுவர் முழுதுக்கும் சுண்ணாம்பு அடித்தோம். கழிவு எண்ணெய் சுண்ணாம்புக்கு அடங்காது. மாதம் ஒன்றில் மண்ணிறமாகத் திரும்ப மேலே வந்துவிட்டது. படகின் வடிவில் ஒரு கறை. ஐந்து வருடம் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டுதான் அந்த ஊருக்குப் போய் வந்தேன்.

2014இல் நாடகத்தோடு போனோம். மட்டக்களப்பில் ஒரு பட்டறையில் விவாத அரங்கைப் பழகியிருந்தேன். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் வளர்த்தெடுத்த முறை அது. பிரச்சினையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடித்து, தோல்வியில் கொண்டுபோய் நிறுத்துவது. பிறகு முதலிலிருந்து மறுபடி நடிக்கிறோம். இந்தத் தடவை சபையில் இருக்கிற ஆரும் கை தட்டி 'நிறுத்து' சொல்லலாம், நடிகரை எழுப்பிவிட்டுத் தான் வந்து அந்த இடத்தில் நின்று வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். கேட்க இலேசாக இருக்கிறது. எங்கள் சனம் வந்து நிற்குமா என்று எனக்குப் பெரிய சந்தேகம்.

தொடக்கம்தான் கை கொடுத்தது. கரைவலை இழுக்கிறவர்கள் பாடுகிற அம்பாவை எடுத்தோம். மீனவர் தங்குகிற வாடியின் நடுவில் கயிறு ஒன்றை நீட்டி, நடிகர் நான்கு பேர் பிடித்து, ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டு இழுக்கிறார்கள். மூன்றாவது இழுப்புக்குள் கிழவர் ஒருவர் எழும்பி வந்து வாலில் பிடித்துவிட்டார். "இப்பிடியே இழுக்கிற? காலை ஊண்டு மகன்" என்று நடிகனுக்கு ஒரு தட்டு. பிறகு இன்னும் இரண்டு பேர். பார்க்க வந்த சனம் கயிற்றில் கை வைத்த பிறகு, மேடை எது சபை எது என்ற பேச்சே இல்லை. விரிவுரை செய்து சனத்தைச் 'சேர்க்க' நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: ஊரில் ஏற்கனவே எல்லாரும் சேர்ந்து செய்கிற அசைவு ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள். வயல் ஊரென்றால் அது வேறாக இருக்கும்.

நாடகத்தில் படகுக்கு நிறமில்லை. பெயரில்லை. வெடி போடப் போகிற புருஷன், போகாதே என்கிற பெண்சாதி. அவன் போகிறான், விரல் போய் வருகிறான். இரண்டாம் தடவை நடிக்கும்போது மீன் விற்கிற அம்மா ஒருவர் 'நிறுத்து' என்றார். பெண்சாதியின் இடத்துக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். வந்தவர் புருஷனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவன் போகாட்டி புதன்கிழமை லோன்காரனுக்கு என்னத்தைக் குடுக்கிற?"

வாடி முழுக்கச் சிரிப்பு, பிறகு சத்தமே இல்லை. நான் இரண்டு வருடமாக முருகைக்கல்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். நிலாவெளிக் கரையில் நின்றால் எதிரே புறாத்தீவு, 2003இல் தேசியப் பூங்காவான இடம். அதைக் காட்டிக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அது பிழையில்லை. ஆனால் அந்த ஊரில் வெடியின் திரி கடலில் இல்லை, குழுக்கடன் கூட்டம் நடக்கிற விறாந்தையில் இருந்தது. அந்தக் கேள்வி என் நாடகப் பிரதியில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, எனக்கு மாதச் சம்பளம்.

அதே அம்மா அன்று இன்னொன்றும் செய்து காட்டினார். கூடையிலிருந்து இரண்டு விளைமீனை எடுத்தார். ஒன்றைத் தலையில் பிடித்துத் தூக்க, விறைப்பாக நேரே நின்றது. மற்றது வாடின வெற்றிலை மாதிரித் தொங்கியது. "உள்ளுக்கு முள்ளு முறிஞ்சிட்டு. வயித்தை அமத்திப் பாருங்க, களி. வெட்டினா முள்ளோட ரெத்தம் கட்டி நிக்கும். பின்னேரத்துக்குள்ள நாறிரும்." அந்த இரண்டு மீனையும் அப்படியே கீறி, எழுத்து ஒன்றும் போடாமல் அட்டையாக்கினோம். சந்தையில் விற்கிற பெண்களே கொண்டுபோய் வைத்தார்கள். வாங்குகிறவர்கள் தலையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கப் பழகினார்கள். அதில் ஆருடைய படகும் இல்லை, ஆரையும் குற்றம் சொல்லவில்லை, மீனின் தரத்தைச் சொன்னோம். வெடி நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. குறைந்த நாட்கள் உண்டு, கூடின நாட்களும் உண்டு.

லோன் விசயத்துக்குப் போக எனக்கு இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. பயம்தான். 2016இல் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, "டீச்சர், உங்கட படம் கீறுற வேலையில இதுக்கு ஒண்டுமில்லையா?" என்று கேட்டார். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து ஏழு நிரை பிரித்தேன், திங்கள் தொடக்கம் ஞாயிறு மட்டும். கடற்கரையில் பொறுக்கின சிப்பி, சோகி, உடைந்த முருகைத் துண்டு. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு வகை, எது எதற்கென்று அவர்களே தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள், எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. காசு கட்ட வேண்டிய நாளில் ஒன்றை வையுங்கள் என்றேன்.

இருபத்துமூன்று பெண்கள். புதன் நிரையில் குவிந்தது. செவ்வாயும் அப்படித்தான். ஒருவர் ஆறு நாளிலும் ஒவ்வொன்று வைத்துவிட்டு எழும்பாமல் வேட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஆரும் வாய் திறக்கவில்லை. அவரே கடைசியில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைதான் வாசல்ல இருந்து தலை சீவலாம்." மற்ற நாட்களில் வாசலில் ஆள் நின்றால் லோன்காரர் கண்டுவிடுவார்கள், பின்வளவுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். பக்கத்து வளவுக்காரி உடனே, "அப்ப அண்டைக்கு நான் கூப்பிடக் கூப்பிட நீ வீட்டுக்குள்ளதான் இருந்தனி, என்ன?" என்றாள். இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது அந்தக் கூப்பிடலால்தானாம்.

குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஆகவே கடனைப் பற்றி ஒருவருக்கொருவர் வாய் திறப்பதில்லை, சண்டை வரும். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இருந்த வெட்கம் அந்த வேட்டியில் கிழமை நாட்காட்டியாக எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. அவ்வளவைத்தான் படம் செய்தது. அதன் பிறகு நடந்தது கணக்கு வேலை. கொப்பிகளைக் கொண்டுவந்து உண்மையான வட்டி எவ்வளவு என்று பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அந்த வருடம்தான் இப்படிச் சிறுகடன் கொடுக்கிற கொம்பனிகளுக்கான 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற நுண்நிதிக் கொம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. வாசலுக்கு வருகிறவர் அதில் இருக்கிறாரா என்று பார்ப்பதை முதல் வேலையாக்கினோம். ஒரு கொம்பனியாருடன் பெண்கள் கூட்டாகப் போய்க் கதைத்து, இருட்டின பிறகு வீட்டுக்கு வருவதில்லை என்று எழுத்தில் வாங்கினார்கள். நான் போகவில்லை. வரட்டா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர், நீங்க வந்தா உங்களோடதான் கதைப்பாங்க" என்றார் தலைவி. சரியாகத்தான் சொன்னார்.

அந்த வேட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருவர் வந்தார். கொழும்பில் கண்காட்சிக்கு வைக்கலாம், பெரிய வேலை என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என் பெயரும் வரும் அல்லவா. பெண்கள் ஒரு நாள் தவணை கேட்டு, கூடிக் கதைத்து, மறுத்துவிட்டார்கள். "எங்கட கடனைக் கொழும்புக்குக் காட்டவா?" எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வேட்டி இப்போது தலைவியின் வீட்டு றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது. அதன் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. இந்த மாதிரி வேலைகளில் போன் எடுத்துப் படம் பிடிப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவோம், நடுவில் சொன்னால் ஆரோ ஏற்கனவே எடுத்திருப்பார்கள்.

அதே நாட்காட்டியைக் கொண்டு கிண்ணியாப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் போனேன். முந்தி கிண்ணியாவுக்குப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித் தண்ணியைக் கடந்து போக வேண்டும், பெயின்ட் டின்களோடு வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. 2009இல் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போகலாம். அங்கே முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் மனித உருவம் கீறுவதை விரும்பவில்லை. விவாதித்துக்கொண்டு நிற்காமல் பானை, பாய், பூட்டு, குடை என்று பொருட்களைக் கீறினோம். பன்பாய் இழைக்கத் தெரிந்த ராத்தா ஒருவர் கடன் நாட்களை நிற இழையாகவே பாயில் போட்டுக் காட்டினார், என் வேட்டியை விட அது எவ்வளவோ வடிவு. ஓதல் முடிகிற நேரம், அஸர் தொழுகை, வெள்ளிக்கிழமை இதெல்லாம் பார்த்து நாள் குறிக்காவிட்டால் வெறும் கதிரைகளோடுதான் கதைக்க வேண்டி வரும். இது தெரிய எனக்கு இரண்டு வெறும் கதிரைக் கூட்டங்கள் தேவைப்பட்டன.

சுவர் வேலை செய்யப்போகிற தம்பி தங்கைகளுக்குக் கைவேலைப் பக்கமாகச் சில சொல்லவேண்டும். எங்கள் கரையில் புதுப் பூச்சுச் சுவரில் ஒரு மாதமாவது போகாமல் கை வைக்காதீர்கள். உப்புப் பூத்து நிறத்தைத் தள்ளிவிடும். பழைய சுவரென்றால் நல்ல தண்ணியால் கழுவி, காயவிட்டு, தேங்காய்த்தும்பால் தேய்த்து, பிறகு சீலர். மழை கொண்டுவருகிற வாடைக் காற்றுக்கு முன் கீறினால் மழை பார்த்துக்கொள்ளும். பெப்ரவரிக்குப் பிறகு தொடங்கி, தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் வலுக்க முன் முடியுங்கள், கச்சான் காற்று மணலை அள்ளி ஈரப் பெயின்டில் ஒட்டும். கடைச் சிவப்பு வெயிலில் முதலில் வெளிறும். காவி வெளிறாது. கீழே இரண்டடிக்குப் படம் வேண்டாம், அது ஆட்டுக்கும் மழைச் சேற்றுக்கும் உரிய இடம்.

நகரத்துக்குள் போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து. ஒரு தடவை கோதுமை மாப் பசை காய்ச்சி, கோட்டைப் பக்கத்து வீதியில் இரவோடு இரவாக முப்பது போஸ்டர் ஒட்டினோம். காலையில் கீழ்ப்பாதி ஒன்றிலும் இல்லை. எதிர்ப்பு இவ்வளவு கெதியாகவா என்று நான் பதறிப் போக, தேத்தண்ணிக் கடைக்காரர் சிரித்தார். கோட்டை மான்கள்! பசைக்கு ஆசைப்பட்டுத் தாளோடு தின்றிருக்கின்றன. பழைய ஆட்கள் பசைக்குள் துருசு போடுவார்கள், பூச்சி வராது. மான் தின்றால் செத்துவிடும், ஆகவே அது வேண்டாம். நாலரை அடிக்கு மேலே ஒட்டுங்கள்.

அனுமதி எடுக்கும்போது சுவர்க்காரரிடம் மட்டும் எடுத்தால் போதாது. எதிர்வீட்டாரிடமும் கேட்க வேண்டும், தினமும் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள். ஜீ.எஸ். என்கிற கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் ஒரு கடிதம், பிரதியில் சீல் வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள். கீற முன் பென்சில் படத்தை ஊரில் ஒரு கிழமை தொங்கவிடுங்கள், ஆர் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று அழிறப்பர் ஒன்றையும் கட்டிவிட்டு. 2012இல் இதைச் செய்திருந்தால், ஆரோ ஒரு கிழவி வந்து அந்தப் படகின் நிறத்தை மாற்றச் சொல்லியிருப்பாள்.

தகவல் அறியும் சட்டத்தைப் பழகுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஊர்ப் பெண்கள் மீன் இறக்குகிற இடத்துக்கு ஒதுக்கீடு உண்டா என்று ஒரு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வந்தது: இல்லை. நாலு வருடமாக 'வருது வருது' என்று வாயால் சொல்லப்பட்டதற்கு முதல் தடவையாகக் கடதாசியில் 'இல்லை'. அந்தக் கடிதத்தைச் சங்கத்தில் வாசித்த அன்று ஏனோ எல்லாரும் கை தட்டினார்கள்.

பாடசாலையைப் பற்றிக் கேட்பார்கள். அதிபர்கள் மாறுவார்கள், ஒருவர் தட்டிக் கொடுப்பார், அடுத்தவர் "மிஸ் பாடத்தை முடிச்சாச்சா?" என்பார். நான் எப்போதும் சிகிரியாவையும் சந்திரவட்டக்கல்லையும் மூன்றாம் தவணைக்கு முன்பே முடித்துவிடுவேன். சாதாரண தரப் பெறுபேறு நல்லாக இருந்தால் சனிக்கிழமையில் எங்கே போகிறாய் என்று ஆரும் கேட்கமாட்டார்கள். காசைப் பொறுத்தவரை, செலவுக் கொப்பியை ஊர்க் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பேன், பஸ் காசு உட்பட. அதைவிட வேறு தந்திரம் தெரியாது.

அந்தச் சுவர் என்னவானது என்றால், 2017இல் பெண்கள்தான் அதை மறுபடி கேட்டார்கள். மனதுக்குள் நான் உடனே கடன், கடல், கை என்று பெரிய ஓவியம் ஒன்றைக் கீறத் தொடங்கிவிட்டேன். அவர்கள் கேட்டது கரும்பலகை. காலையில் நகரச் சந்தையில் என்ன விலை போகிறது என்று தெரியாமல் வியாபாரி சொன்ன விலைக்கு மீனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சந்தைக்குப் போகிறவர்கள் போன் பண்ணிச் சொன்னால் இங்கே எழுதலாம், கரைக்கு வருகிற ஒவ்வொருவரும் பார்க்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவர்களுக்காக மீன்களைக் கீறித் தாருங்கள். சூடை, கீரி, நெத்தலி, பாரை, சூரை, அறக்குளா, விளைமீன், கணவாய், இறால். ஒன்பது உருவம், பக்கத்தில் கறுப்புக் கட்டம். படகுக் கறை சரியாக அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது. அந்தப் பையன், அப்போது இருபது வயது, தானே வந்து கரும்பலகைப் பெயின்ட் அடித்தான். நீலமும் மஞ்சளும் கொண்டுவரவில்லையா மிஸ் என்று கேட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

2022இல் தாள் விலை ஏற, பிள்ளைகள் சீமெந்துப் பையை விரித்துக் கீறினார்கள். மண்ணிறத் தாளில் சுண்ணாம்பு வெள்ளையும் கரியும் நல்லாகவே பிடிக்கும். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபோது படகுகள் கரையில் ஏறிக் கிடந்தன. மீன் இல்லாததால் பலகையில் ஒன்பது கட்டமும் வெறுமை. ஒரு நாள் போனபோது ஒன்பதிலும் 340 என்று ஆரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்து சின்னப் பிள்ளையுடையது. நான் இருபது வருடத்தில் கீறின எதுவும் அதற்குக் கிட்ட வராது.

போன மாதம் தலைவி போன் எடுத்தார். "டீச்சர், ஒருக்கா வாங்க. அந்த விளைமீன்ர வாய் பிழை. விளைமீனுக்கு உதடு தடிப்பு, மூஞ்சை நீளம். நீங்க பாரைக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கிறீங்க. இவ்வளவு நாளும் மரியாதைக்குச் சொல்லாம இருந்த நாங்க." வருகிற சனிக்கிழமை தூரிகையோடு போகிறேன். கூடையில் ஒரு விளைமீனை எடுத்து வைக்கிறதாகச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்துக் கீறுவதற்கு.